பக்கத்தில் எல்லோரும் தூங்குவதாக வைத்துக்கொண்டால்

எங்கள் அலுவலகத்தில் ஒரு சிப்பின் வரைபடம் தொழிற்சாலைக்குப் போவதற்கு முன் நாற்பத்தாறு கேள்விகள் கேட்கப்படும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒருவர் பொறுப்பு. கூட்டத்தில் கேள்வியை வாசித்ததும் அவர் எழுந்து, "ஆம், பார்த்தாச்சு" என்று சொல்லி, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார வேண்டும். என்னுடையது முப்பத்தொன்றாம் கேள்வி. "தூங்கும் பகுதி விழிக்கும்போது பக்கத்துப் பகுதிகளின் வோல்டேஜ் வரம்புக்குள் நிற்கிறதா?" பதினோரு வருடமாக அதற்கு "ஆம்" சொல்லி வருகிறேன். இதைவிட அதிகமாக நான் "ஆம்" சொன்ன இடம் வீடு ஒன்றுதான்.

என் தங்கை ஒருமுறை கேட்டாள், "நீ ஆபீஸ்ல அப்படி என்னதான்டி பண்ற?" அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். சிப்புக்குள் கோடிக்கணக்கான சுவிட்சுகள் இருக்கின்றன. அணைத்த பிறகும் அவற்றில் மின்சாரம் கசியும். சரியாக மூடாத குழாய் மாதிரி. பேட்டரி சின்னதாக இருந்தால் கசிவிலேயே அதன் ஆயுசு முடிந்துவிடும். இதற்கு வைத்தியம், வேலை இல்லாத பகுதிக்குப் போகும் மின்சாரத்தை வாசலிலேயே நிறுத்திவிடுவது. பகுதி தூங்கிவிடும், கசிவும் நின்றுவிடும். வம்பு எழுப்பும்போதுதான். காலி வயிற்றோடு எழுந்த பகுதி ஒரே மூச்சில் மின்சாரத்தை உறிஞ்சும். அதே கம்பியிலிருந்து பிழைக்கும் பக்கத்துப் பகுதிகளுக்கு வோல்டேஜ் சரியும். அடுக்குமாடிக் கட்டடத்தில் நின்றுபோன தண்ணீர் திரும்ப வந்ததும் கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்தால், மேல்வீட்டில் ஒருவர் தலையில் சோப்போடு நிற்பார் இல்லையா? அந்தச் சோப்பு மனிதருக்காகக் கவலைப்படுவதுதான் என் வேலை.

"இதுக்குப் போய் இவ்ளோ படிச்சியா?" என்றாள் தங்கை.

இந்த முறை சிப், காது கேளாதவர்கள் அணியும் கருவிக்கு. சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி. அமைதியாக இருக்கும்போது கருவியின் பெரும்பகுதி தூங்கும். குரல் கேட்டதும் எழும். கசிவைக் குறைக்கும் இந்தப் பெரும்பணிக்குத் தலைமை எங்கள் இயக்குநர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சிக்கனம். தாழ்வாரத்தில் ஒரு பலகை மாட்டி, எந்தக் குழு எவ்வளவு கசிவைக் குறைத்தது என்று வாராவாரம் எழுதுவார். சிப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. அலுவலகத்தையும் தூங்க வைத்தார். அசைவு இல்லாவிட்டால் விளக்கு அணைந்துவிடும். கழிவறையில் கொஞ்சம் நிதானமானவர்கள் இருட்டில் கையை வீசிக்கொண்டிருக்க வேண்டும். கூட்ட அறையில் அவர் பேச ஆரம்பித்தால் யாரும் அசையமாட்டோம். அறை காலி என்று நினைத்து விளக்கும் அணைந்துவிடும். அதனால் கை ஆட்டுவதற்கென்றே வாரம் ஒருவருக்குப் பொறுப்பு. அட்டவணை கூட உண்டு.

நான் இதையெல்லாம் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருப்பவள். இருபது வருடமாக எனக்கு இருந்த பெரிய சொத்து அந்தச் சிரிப்புதான். என்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் கோமாளிகள், நான் மட்டும் பார்வையாளர் வரிசையில் இருக்கிறேன் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் மண் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பக்கத்துக் குழுவில் சோதிக்கும் வேலை பார்ப்பவள் ஒருத்தி. எதைப் பார்த்தாலும் மணியடிப்பாள் என்பதால் அவளுக்குப் பெயர் அலாரம். கையில் லேப்டாப்போடு வந்து என் மேஜை ஓரத்தில் நின்றாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்."

"உன்னோட ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாதா? உட்காரு."

"உங்க முப்பத்தெட்டு இருக்கே..."

"என் முப்பத்தெட்டா? அது போய் எட்டு வருஷமாச்சு."

அவள் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டு மில்லிவோல்ட் என்பது நான் கொடுத்த எண். தூங்கும் பகுதி எழும்போது பக்கத்து வோல்டேஜ் அவ்வளவுதான் சரியும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்லியிருந்தேன். வரம்பு அறுபது. அந்த எண்ணைப் பார்த்துச் சிக்கனம் என் முதுகில் தட்டாத குறை. எல்லா சுவிட்சையும் ஒரே நேரத்தில் போட்டாலும் ஆபத்தில்லை என்று முடிவு செய்து, இரண்டே மைக்ரோ செகண்டில் எழும் சிப் என்று பலகையின் உச்சியில் எழுதிவிட்டார்.

"அந்த ஓட்டத்துல பக்கத்துப் பகுதி எல்லாம் ஏன்க்கா தூங்குது?"

"எங்க தூங்குது?"

அவள் திரையைத் திருப்பினாள். நான் எழுதிய வரிதான். பக்கத்துப் பகுதிகள் வேலை எதுவும் செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளச் சொல்லும் வரி. அதன் ஓரத்திலேயே என் கையால் ஒரு குறிப்பும் இருந்தது. "பிறகு மாற்ற வேண்டும்." நான்கு மாதம் பழைய குறிப்பு.

இது எப்படி வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் எல்லோரும் தூங்குவதாக வைத்துக்கொண்டால் கணக்கு ஒரு மதியத்தில் முடிந்துவிடும். விழித்து வேலை செய்கிறார்கள் என்று வைத்தால் மூன்று நாள் ஓடும். ஆரம்பத்தில் ஒரு தோராயத்துக்காக அப்படி ஓட்டினேன். முப்பத்தெட்டு வந்தது. எல்லோருக்கும் பிடித்துப்போனது. பிடித்துப்போன எண்ணை யார் மறுபடி தொடுவார்கள்? ஒவ்வொரு வாரமும் அந்தக் குறிப்பு என் கண்ணில் படும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நகர்ந்துவிடுவேன்.

அந்த நிமிடம் என் மனதில் முதலில் வந்தது சிப் அல்ல. காது கேளாதவர்களும் அல்ல. இவள் வேறு யாரிடம் சொல்லியிருப்பாள் என்பதுதான்.

"வேற யாராவது பார்த்தாங்களா?" என்றேன், ரொம்பச் சாதாரணமாக.

"உங்களைக் கேக்காம நான் யார்கிட்டக்கா சொல்வேன்?" என்றாள். அந்த மரியாதை என் கன்னத்தில் ஒன்று வைத்தது போல் இருந்தது.

"சரி, நான் மறுபடி ஓட்டிப் பார்க்கறேன். வெள்ளிக்கிழமை காலைல தெரிஞ்சிடும்."

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத்தானேக்கா கையெழுத்து?"

"தெரியுமே" என்றேன். அவளை எழுந்து போகச் சொல்லும் குரலில்.

அன்று சாயங்காலம் வீட்டில் என் கணவர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். இவருக்கு நாற்பத்திரண்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டது. இவருக்கும் கருவி உண்டு. அதை வாங்கிய முதல் நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு காதுக்கும் தனியாக அளந்து, எந்தச் சத்தத்தை எவ்வளவு தூக்க வேண்டும் என்று எண்களைப் பதிவு செய்வார்கள். அவசரத்தில் அதைச் செய்யாமல், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மாட்டி அனுப்பிவிட்டார்கள். பேருந்தில் யாரோ சாவிக்கொத்தைத் தவறவிட்டார்கள். இவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நடு வழியில் இறங்கி, வீடு வரைக்கும் நடந்தே வந்தோம். நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை தெருவில் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஏங்க, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

"ம்."

எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு மாதம், ஒரு வரி, முப்பத்தெட்டு. எங்கள் பவர் குழுவுக்குத் தலைவர் பதவி காலியாக இருக்கிறது, ஆறு வருடமாக நான் அதற்குக் காத்திருக்கிறேன், இப்போது வாயைத் திறந்தால் அது போய்விடும். திறக்காவிட்டால் ஒருத்தியைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளையும் எப்படியாவது வாயடைத்துவிடலாம் என்று நினைக்கிறேன், அப்படி நினைப்பது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. இவ்வளவு கோர்வையாக நான் இவரிடம் பேசிப் பல வருடம் ஆகிறது.

அவர் பக்கத்தைத் திருப்பி, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். கருவி இரண்டும் டப்பாவுக்குள் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிடுவார். கேட்டால் பேட்டரி மிச்சம் என்பார். உலகத்தோடு பேசப் பேட்டரி இருக்கும், என்னோடு பேசும்போதுதான் மிச்சம் பிடிக்க வேண்டும். பதினைந்து வருடமாக எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பதிலைச் செதுக்கி வைத்திருக்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே ஒரு நிம்மதியும். டப்பாவை அவர் முன்னால் தள்ளினேன். மாட்டிக்கொண்டு, "என்ன சொன்ன?" என்றார்.

"கேஸ் தீரப்போகுதுன்னேன்."

"இதுக்கா இவ்ளோ நேரம் பேசின?"

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கணக்கு முடிந்திருந்தது. தொண்ணூற்றொன்று. வரம்பைப் போல ஒன்றரை மடங்கு. அந்த அளவு சரிந்தால், அணிந்தவரின் காதுக்கென்று அளந்து வைத்த எண்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் பகுதி அவற்றைக் கை நழுவவிடும். கருவி தொழிற்சாலையில் பிறந்த நிலைக்குத் திரும்பிவிடும். எப்போது? யாராவது கூப்பிடும்போது. குரல் கேட்டு எழும் ஒவ்வொரு முறையும் அந்த ஆபத்து உண்டு. சாவிக்கொத்துச் சத்தம் எனக்குக் கேட்டது.

சிக்கனத்தின் அறைக்குப் போனேன். அவர் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து, விளக்குப் போடாமல் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், முப்பத்தெட்டு இல்லை. தொண்ணூத்தொண்ணு."

"என்னது தொண்ணூத்தொண்ணு?"

சொன்னேன். மனிதர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்தார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

"நீங்க முதல்ல கொடுத்தீங்களே முப்பத்தெட்டு, அது பொய்யா?"

"பொய்யில்லை சார். பக்கத்துல எல்லாரும் தூங்கினா முப்பத்தெட்டுதான்."

"அப்போ அது உண்மை."

"அவங்க தூங்க மாட்டாங்க சார். குரல் வருதான்னு கேட்டுக்கிட்டே இருக்கிற பகுதி பக்கத்துலதான் இருக்கு. அதுவும் தூங்கிட்டா, தூங்குறவங்களை யார் எழுப்புறது?"

"நல்ல பாயிண்ட்" என்றார், வேறு யாருடைய சிப்பையோ பற்றிப் பேசுவது போல. "ஒரு அடிக்குறிப்புப் போட்டுடுங்க. 'பக்கத்துப் பகுதிகள் ஓய்வில் இருக்கும் நிலையில்' அப்படின்னு. சின்ன எழுத்துல."

"சரிபண்ண வழி இருக்கு சார். சுவிட்சை எல்லாம் ஒரே சமயத்துல போடாம, எட்டு அணியா ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு போடலாம். உறிஞ்சல் குறையும். அம்பதுக்குள்ள அடங்கிடும். ஆனா எழுந்திருக்க ஒன்பது மைக்ரோ செகண்டு ஆகும். வரைபடத்தைத் திருத்த மூணு வாரம்."

"ரெண்டுன்னு வாக்குக் கொடுத்திருக்கேனே!" என்றார். அவர் முகத்தில் உண்மையான வலியை நான் பார்த்தது அன்றுதான். "ரெண்டு ஒன்பதாச்சுன்னு என்னை எந்த முகத்தோட போய்ச் சொல்லச் சொல்றீங்க?"

பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். தலைவர் பதவிக்கான உத்தரவு. என் பெயர் அச்சாகியிருந்தது. தேதி திங்கட்கிழமை.

"நான் மிரட்டறதா நினைக்காதீங்க. மூணு வாரம் தாமதம்னா நான் காரணம் எழுதணும். காரணம்னா ஒரு பேர் வேணும். யாரோட பேர்னு உங்களுக்கே தெரியும். சாயங்காலம் வரைக்கும் யோசிங்க. நீங்க ரொம்பக் களைப்பா இருக்கீங்க."

என் இடத்துக்கு வந்து யோசித்தேன். நான் நல்லவள் என்பதற்கு ஏதாவது ஆதாரம் கிடைக்கிறதா என்று உள்ளே துழாவிப் பார்த்தேன். தினுசு தினுசாகச் சாக்குகள்தான் கிடைத்தன. அடுத்த வெளியீட்டில் திருத்திக்கொள்ளலாம். எல்லாருடைய கருவிக்கும் எல்லாச் சமயமும் இப்படி ஆகாது. தலைவர் ஆனால் இப்படிப்பட்ட தப்பு நடக்காமல் நானே பார்த்துக்கொள்ளலாம். கடைசிச் சாக்கு எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. தப்புச் செய்தவளைத் தலைவி ஆக்கினால்தான் தப்புகள் குறையும் என்று அரை மணி நேரம் மனதார நம்பினேன்.

நாலு மணிக்குக் கூட்டம். கருவி செய்யும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். குள்ளமாக, கையில் ஒரு நோட்டுப் புத்தகம். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. எழுந்தார்கள், "ஆம், பார்த்தாச்சு" என்றார்கள், உட்கார்ந்தார்கள். இருபத்திரண்டாம் கேள்வியில் விளக்கு அணைந்தது. அந்த வாரம் கை ஆட்ட வேண்டியவர் கண்ணசந்துவிட்டார். நாலு பேர் சேர்ந்து கையை வீசினோம். வந்தவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணு" என்று வாசித்தார் சிக்கனம். தாள் என்னிடம் வந்தது. எதிர்ச்சுவரோரம் அலாரம் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குச் சங்கடம் தரக் கூடாது என்று தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முறைத்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்னவோ.

"இல்லை" என்றேன்.

"இன்னொரு தடவை கேள்வியைச் சரியா..." என்றார் சிக்கனம்.

"கேள்வி சரியாத்தான் இருக்கு சார். நிக்கலை. தொண்ணூத்தொண்ணு சரியுது."

எட்டு அணி, ஒன்பது மைக்ரோ செகண்டு, மூன்று வாரம் எல்லாவற்றையும் சொன்னேன். வந்தவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எழுந்திருக்க ரெண்டு மைக்ரோ செகண்டுன்னு உங்ககிட்ட யார் கேட்டா?"

எல்லோர் பார்வையும் ஒரே திசையில் போனது.

"பேட்டரி ஒரு நாள் கூடுதலா வரணும்னுதான் நாங்க கேட்டோம். ஒன்பது என்ன, ஆயிரம் ஆனாலும் எந்தக் காதுக்கும் தெரியப்போறதில்லை."

"உலகத்தரம்னு ஒண்ணு..." என்றார் சிக்கனம்.

"அதை விடுங்க." அவர் என் பக்கம் திரும்பினார். ஒரு நொடி நான் பாராட்டுக்குத் தயாரானேன். வெட்கக்கேடு, ஆனால் உண்மை. "முப்பத்தெட்டுன்னு நாலு மாசமா வாராவாரம் எங்களுக்கு அனுப்பினது யாரு?"

"நான்தான்."

"எங்க பெட்டி, அச்சு, விளம்பரம் எல்லாம் அந்தத் தேதியை நம்பி நிக்குது. இனிமே உங்க எண் எதுவும் இன்னொருத்தர் பார்க்காம எங்களுக்கு வரக் கூடாது." அதை நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டுக்கொண்டார். உண்மை சொன்னதற்கு என் வாழ்க்கையில் கிடைத்த பரிசு அந்தக் கோடுதான்.

திங்கட்கிழமை உத்தரவு வெளியானது. பவர் குழுவின் தலைமைப் பொறுப்பை இயக்குநரே கூடுதலாக ஏற்றுக்கொள்கிறார். பலகையில் இரண்டை அழித்து ஒன்பது எழுதி, பக்கத்தில் "மென்மையான விழிப்பு" என்று ஒரு பெயரும் கொடுத்திருந்தார். மதியம் கூட்டக் குறிப்பைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். அதில் இப்படி இருந்தது: "இயக்குநரின் உரிய நேரத் தலையீட்டால், பொறியாளரின் கவனக்குறைவு கண்டுபிடிக்கப்பட்டது."

தலையீட்டை விட்டுவிட்டேன். ஒரு மனிதருக்குப் பலகையில் எழுத ஏதாவது வேண்டும். நான் அடித்தது "கவனக்குறைவு" என்ற ஒரு சொல்லை. அதற்கு மேலே "சோம்பல்" என்று எழுதினேன். அதற்குப் பிறகும் மனசு கேட்கவில்லை. "தெரிந்தும் விட்டது" என்று சேர்த்தேன். "கண்டுபிடிக்கப்பட்டது" என்பதற்குப் பக்கத்தில் அலாரத்தின் உண்மைப் பெயரை எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

சிக்கனம் பதறிப்போனார். "என்னங்க இது? கவனக்குறைவுன்னா யாரும் மன்னிச்சிடுவாங்க. எல்லாருக்கும் வர்றதுதான். இப்படி எழுதினா உங்களை எந்தக் காலத்திலயும் தலைவர் ஆக்க முடியாதே!"

"கவனிக்காம இருந்தாத்தானே சார் கவனக்குறைவு? நான் வாராவாரம் கவனிச்சேன்."

அவர் அந்தத் தாளை அழுக்குத் துணியைப் பிடிப்பது போல் இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு போனார். நான் இரண்டு நாற்காலி தள்ளி இருந்த அலாரத்தைக் கூப்பிட்டேன்.

"என்னக்கா?"

"வந்து உட்காரு. எட்டு அணியா பிரிச்சிருக்கேன். அனுப்பறதுக்கு முன்னாடி பாரு."

"எதைப் பார்க்கணும்?"

"எல்லாத்தையும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். ஐந்து நிமிடத்துக்குள் இன்னும் இரண்டு தப்பு சொன்னாள். இரண்டும் உண்மையிலேயே என் தப்புதான். எனக்கு அவளை ஓங்கி ஒன்று விடலாம் போல் இருந்தது.

"அப்புறம்?" என்றேன்.